விழித்திரை விலகினால் வலிக்காது: அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

கண்ணில் கோளாறு என்றால் வலிக்கும், சிவக்கும், நீர் வடியும் என்றே நாம் பழகியிருக்கிறோம். விழித்திரை இந்தக் கணக்கில் வராது. வலியை உணரும் நரம்புகள் அதில் இல்லை. அது கிழிந்தாலும், ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து வந்தாலும் கண் வெளியே பார்க்கத் தெளிவாகவே இருக்கும். முகக்கண்ணாடி முன் நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. "வலி இல்லையே, அடுத்த வாரம் காட்டிக்கொள்ளலாம்" என்று பலர் தள்ளிப்போடுவது இதனால்தான். விழித்திரை விலகலில் ஓரிரு நாள் தாமதமே பார்வையின் கூர்மையைக் கொண்டுபோய்விடலாம்.

இரண்டாவது சிக்கல், நமக்கு இரண்டு கண்கள் இருப்பது. ஒரு கண்ணில் ஓரப்பார்வை குறைந்தால் மற்ற கண் அந்த இடத்தை நிரப்பிவிடும். இரண்டையும் திறந்து வைத்திருக்கும்வரை குறை தெரியவே தெரியாது. தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கும்போதுதான் "இந்தக் கண்ணில் ஏன் பாதி இருட்டாக இருக்கிறது?" என்று திடுக்கிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இதைப் படிக்கும் உங்களுக்கே இன்றோ நேற்றோ ஒரு கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பூச்சிகள் கூட்டமாகப் பறப்பது போலிருந்தாலோ, ஓரத்தில் நிழல் விழுந்திருந்தாலோ, படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டுக் கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிச்சத்தை வந்து படிக்கலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

கண்ணின் உட்புறத்தில் பின்சுவரை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலம்தான் விழித்திரை. அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சத்தை நரம்புச் சைகையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இதன் வேலை. நடுவில் மேக்குலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் அந்தப் பகுதியால்தான். மீதிப் பரப்பு ஓரப்பார்வைக்கும் மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கும் உதவுகிறது.

ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் பின்பக்கம், சுவரை ஒட்டி இருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் அந்தச் சுவரில் ஓடும் ரத்தக் குழாய்களிலிருந்து வருகின்றன. விழித்திரை விலகிவிட்டால் இந்தச் செல்கள் பட்டினி கிடக்கின்றன. விலகிய பகுதி முதலில் வேலை செய்யாமல் போகிறது. நாள் செல்லச் செல்லச் செல்கள் மடிகின்றன. அவசரம் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கண்ணின் உட்குழியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். சுமார் 4 மில்லிலிட்டர் இருக்கும், பெரும்பகுதி தண்ணீர்தான். இளமையில் அது கெட்டியாக, விழித்திரையோடு ஒட்டியபடி இருக்கிறது. வயது ஏற ஏற நீர்த்துப்போய்ச் சுருங்கி, ஒரு கட்டத்தில் விழித்திரையை விட்டு நழுவி முன்னால் வந்துவிடுகிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இது மிகவும் சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தீங்கும் வருவதில்லை. ஆனால் சிலருக்குச் சில இடங்களில் ஜெல் அழுத்தமாக ஒட்டியிருக்கும். அது சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. இழுபடும் விழித்திரைக்கு வலியைச் சொல்லத் தெரியாது, வெளிச்சத்தை மட்டுமே சொல்லத் தெரியும். அதனால் ஒளிக்கீற்று தெரிகிறது. இழுப்பு அதிகமானால் கிழிகிறது. கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கிச் சுவரெல்லாம் பரவுவது போல, அந்தச் சின்னக் கிழிசல் வழியாக நீர்த்த ஜெல் விழித்திரைக்குப் பின்னால் புகுந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறது.

கிழிசலால் வரும் இந்த வகைதான் அதிகம். இது தவிர, முற்றிய சர்க்கரை நோய் போன்றவற்றில் விழித்திரைமேல் வளரும் தழும்புத் திசு சுருங்கி அதை இழுத்துப் பெயர்ப்பது ஒரு வகை. அழற்சி, கட்டி, கர்ப்பகாலக் கடும் ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் கிழிசலே இல்லாமல் அடியில் நீர் கசிந்து தேங்குவது இன்னொரு வகை. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. எந்த வகை என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை.

அறிகுறிகளைப் பிரித்தறிவது

*பறக்கும் புள்ளிகள்.* வெளிர் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது நூலிழை போல, கொசு போல ஏதோ மிதப்பது பலருக்கும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதே ஒன்றிரண்டு, அதே வடிவில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது மாற்றத்தை. நேற்று இல்லாத புள்ளிகள் இன்று திடீரென்று டஜன் கணக்கில் வந்தால், கரித்தூளைத் தூவியது போலத் தெரிந்தால், புகைச்சுருள் அல்லது சிலந்திவலை போலப் படர்ந்தால், அது ஜெல்லுக்குள் கசிந்த ரத்தமாக இருக்கலாம். விழித்திரை கிழியும்போது அதன்மேல் ஓடும் சிறு ரத்தக் குழாயும் அறுபடுவது உண்டு. ஜெல் விலகிய அறிகுறிகளோடு வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. ரத்தமும் கசிந்திருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் பல மடங்கு கூடுகிறது.

*மின்னல்.* ஒரு கண்ணின் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாக, வளைந்த ஒளிக்கீற்று ஒரு நொடி பளிச்சிட்டு மறையும். இருட்டில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது நன்றாகத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ஒளிக்கோலத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். தலைவலிக் கோலம் வளைந்து நெளிந்த கோடுகளாகத் தொடங்கி மெல்லப் பெரிதாகி, கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் தெரியும், ஏனென்றால் அது மூளையில் உண்டாகிறது. விழித்திரை மின்னல் ஒரு கண்ணில் மட்டும் வரும், நொடியில் போகும், மறுபடி மறுபடி வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு நாள் மின்னிவிட்டு நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழிசல் முழுதாக விழுந்து இழுப்பு தளர்ந்ததாலும் மின்னல் நிற்கும்.

*நிழல்.* மூன்று அறிகுறிகளில் மிக ஆபத்தானது இது. பார்வையின் ஏதாவது ஒரு விளிம்பிலிருந்து சாம்பல் நிறத் திரையோ கறுப்பு நிழலோ உள்நோக்கி வருகிறது. பறக்கும் புள்ளி கண்ணோடு சேர்ந்து அலையும், மிதந்து நகரும். நிழல் அப்படி மிதக்காது, எப்போதும் பார்வையின் அதே பக்கத்தில் நிற்கும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் விழித்திரையின் மேல்பகுதி விலகினால் நிழல் கீழே தெரியும். கீழ்ப்பகுதி விலகினால் மேலே தெரியும். மேல்பகுதி விலகல், புவியீர்ப்பால் நீர் கீழிறங்குவதால் வேகமாக மேக்குலாவை நோக்கி வரக்கூடியது. கீழ்ப்பகுதி விலகல் மெதுவாக நகரும், வாரக்கணக்கில் தெரியாமலும் இருக்கும். படுத்து எழுந்த பிறகு நிழல் சற்றுச் சுருங்கியது போலத் தோன்றினால் ஏமாற வேண்டாம். படுத்த நிலையில் நீர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

*நேர்க்கோடு நெளிவது, நடுப்பார்வை மங்குவது.* கதவுச் சட்டம் வளைந்து தெரிவது, எழுத்துகளுக்கு நடுவே ஒரு மங்கல் திட்டு, ஒரு கண்ணில் பொருள்கள் சிறிதாகத் தெரிவது எல்லாம் மேக்குலாவில் கோளாறு என்பதற்கான அடையாளம். விலகல் மேக்குலாவை எட்டியதாலும் வரலாம். மூப்பால் வரும் மேக்குலாச் சிதைவு, அடியில் நீர் தேங்குவது, மேக்குலாவில் துளை விழுவது போன்றவற்றாலும் வரலாம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சோதனை

வழக்கமாகப் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். அழுத்தினால் அந்தக் கண் திறந்த பிறகு சிறிது நேரம் மங்கலாகவே இருக்கும், சோதனை கெட்டுவிடும்.

1. திறந்திருக்கும் கண்ணால் எதிரில் உள்ள ஒரு நேர்க்கோட்டைப் பாருங்கள். ஜன்னல் கம்பி, கதவு விளிம்பு, தரை ஓடுகளின் இணைப்பு எதுவானாலும் சரி. வளைகிறதா, நடுவில் அறுந்து தெரிகிறதா?

2. அடுத்து கட்டம் போட்ட தாள். 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் 5 மில்லிமீட்டர் கட்டங்கள் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். படிக்கும் கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, புள்ளியை மட்டும் பாருங்கள். பார்வையைப் புள்ளியிலிருந்து எடுக்காமலேயே, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, எங்காவது கோடு நெளிகிறதா, திட்டாக மறைகிறதா என்று கவனியுங்கள்.

3. அப்புறம் ஓரப்பார்வை. எதிரே ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்திக்கொண்டு, விரலை அசைத்தபடி மேலிருந்து, கீழிருந்து, இடமிருந்து, வலமிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். மூக்குப் பக்கம் பார்வை இயல்பாகவே குறைவு, அதைக் கண்டு பதற வேண்டாம். இரண்டு கண்ணிலும் செய்து ஒப்பிட்டால் வித்தியாசம் பிடிபடும்.

4. கடைசியாக ஒரு சிவப்புப் பொருளை இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பாருங்கள். ஒரு கண்ணில் நிறம் வெளிறியோ மங்கியோ தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது மேக்குலாக் கோளாறையும் நன்றாகப் பரவிவிட்ட விலகலையும் காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் புதிதாக விழுந்த கிழிசலைக் காட்டாது. கிழிசல் மட்டும் இருக்கும் கண்ணில் கட்டங்கள் நேராகத் தெரியும், விரல் எல்லாப் பக்கமும் தெரியும், எழுத்துப் பலகையின் கடைசி வரிகூடப் படிக்க முடியும். ஆகவே புது மின்னலும் புதுப் புள்ளிகளும் வந்திருந்தால், சோதனை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். எளிதாகக் காப்பாற்றக்கூடிய கட்டம் அதுதான்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

மைனஸ் 6க்கு மேல் பவர் உள்ளவர்கள் முதல் வரிசையில் வருகிறார்கள். கிட்டப்பார்வையில் கண் கோளம் நீண்டிருப்பதால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியை எடுத்துவிட்டவர்கள் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். அந்தச் சிகிச்சை கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது; கண்ணின் நீளமும் விழித்திரையின் மெலிவும் அப்படியேதான் இருக்கின்றன.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், ஒரு கண்ணில் ஏற்கனவே விலகல் வந்தவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்கு வந்திருப்பவர்கள், விழித்திரை ஓரத்தில் மெலிந்த திட்டுகள் இருப்பதாக முன்பே சொல்லப்பட்டவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள் எல்லோரும் அடுத்து வருகிறார்கள். அடிபட்ட கண்ணில் விலகல் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தும் வரலாம். குழந்தைகள் பார்வை குறைவதைச் சொல்ல மாட்டார்கள். பந்தோ குச்சியோ கண்ணில் பட்ட குழந்தைக்கு வீக்கம் வடிந்துவிட்டாலும் விழித்திரைச் சோதனை தேவை.

சர்க்கரை நோய் தனிக் கதை. அது விழித்திரையின் சிறு ரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுக்கிறது. பார்வை மங்கும் நேரத்தில் பாதிப்பு முற்றியிருக்கும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் கண்டறிந்தவுடனேயே ஒரு முறை, முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு முறை, அதன்பின் மருத்துவர் வேறு இடைவெளி சொல்லாதவரை ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு அவசரம்

ஒரு கண்ணில் பார்வை நொடிகளில் முழுதாகப் போய்விட்டால் அது விழித்திரையின் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். மூளைப் பக்கவாதத்தின் உறவுக்காரன் அது. நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அடுத்து வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கக்கூடும்.

நிழல், புது மின்னல், புதுப் புள்ளிக் கூட்டம் என்றால் அன்றைக்கே. புதிதாகக் கோடு நெளிந்தால் ஓரிரு நாளுக்குள். பழைய புள்ளிகள் மாறாமல் இருந்தால் அடுத்த வழக்கமான பரிசோதனையில் சொன்னால் போதும்.

தொலைபேசியில் நேரம் கேட்கும்போது "கண் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் பத்து நாள் கழித்து வரச் சொல்வார்கள். "நேற்று மாலையிலிருந்து வலது கண்ணில் மட்டும் மின்னல் தெரிகிறது, கீழே நிழல் இருக்கிறது, எனக்கு மைனஸ் 8 பவர்" என்று சொல்லுங்கள். எந்தக் கண், எப்போது தொடங்கியது, முன்பு என்ன அறுவை நடந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. உடனே அறுவை தேவைப்படலாம் என்பதால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பார்கள்.

வண்டியை நீங்கள் ஓட்டிப் போக வேண்டாம். எந்தச் சொட்டு மருந்தும், இலைச்சாறும், கண் பயிற்சியும் பெயர்ந்த விழித்திரையை ஒட்டவைக்காது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் இதற்குப் பயன்படாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் தெரியும் கறுப்புத் துளையை, விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அடுத்த சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது. குளிர்கண்ணாடி கொண்டுபோனால் நல்லது. பிறகு மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கையில் ஒரு லென்ஸைப் பிடித்து விழித்திரையின் ஓரம்வரை பார்ப்பார். இமைமேல் சிறு கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பதும் உண்டு. சற்று அசௌகரியமாக இருக்கும், ஆனால் ஓரக் கிழிசல்கள் அப்போதுதான் கண்ணில் படும். ரத்தம் மறைத்தால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். மேக்குலாவைப் பார்க்க, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன்.

மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கிழிசல் இருக்கிறதா? விலகல் தொடங்கிவிட்டதா? மேக்குலா இன்னும் ஒட்டியிருக்கிறதா? மூன்றாவது கேள்வியின் பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேக்குலா ஒட்டியிருந்தால் அதைக் காப்பாற்ற ஒரு நாளுக்குள் அறுவை செய்யவே முயல்வார்கள். ஏற்கனவே விலகிவிட்டது என்றால் சில நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் நாள் கடக்கக் கடக்கத் திரும்பக் கிடைக்கும் பார்வை குறையும்.

"ஜெல் மட்டும்தான் விலகியிருக்கிறது, கிழிசல் இல்லை" என்று சொன்னாலும் சில வாரங்களுக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். கிழிசல் தாமதமாகவும் விழலாம் என்பதால் அந்த இரண்டாவது சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

சிகிச்சையும் அதன் பிறகும்

கிழிசல் மட்டும் என்றால் அதைச் சுற்றி லேசர் போடுவார்கள், அல்லது உறைய வைத்து ஒட்டுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஒட்டு இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும். விலகிவிட்டது என்றால் அறுவைதான்: கண்ணுக்குள் வாயுக்குமிழி செலுத்துவது, கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கான் பட்டை தைப்பது, ஜெல்லை எடுத்துவிட்டு வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பும் விட்ரெக்டமி. எது என்பது கிழிசலின் இடம், வயது, கண்ணின் நிலையைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் என்ற மருத்துவர் கிழிசலை மூடினால்தான் விழித்திரை ஒட்டும் என்று காட்டுவதற்கு முன், அதாவது ஒரு நூற்றாண்டுக்கு முன்புவரை, விலகல் என்றால் அநேகமாகக் குருடு என்றே பொருள். இன்று முதல் அறுவையிலேயே பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு விழித்திரை ஒட்டிவிடுகிறது.

வாயு நிரப்பியவர்களுக்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. குமிழி கிழிசல்மேல் அழுந்தும்படி மருத்துவர் சொன்ன நிலையில் தலையை வைத்திருக்க வேண்டும், இரவிலும்தான், அலுத்துப்போனாலும்தான். குமிழி கரையும்வரை விமானப் பயணமும் உயர்ந்த மலைப்பகுதியும் கூடாது. காற்றழுத்தம் குறைந்தால் வாயு விரிந்து கண்ணின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வேறு ஏதாவது சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு அந்தக் குமிழியைப் பெருக்கவைக்கும். வாயுவின் வகையைப் பொறுத்துக் கரைய இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை ஆகும். பார்வையில் ஒரு நீர்மட்டக் கோடு ஆடிக்கொண்டே நாளுக்கு நாள் கீழிறங்கும். அது இயல்பு. சிலிக்கான் எண்ணெயைப் பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து இன்னொரு அறுவையில் எடுப்பார்கள்.

வலி நாளுக்கு நாள் கூடுவது, சீழ் வடிவது, கிடைத்த பார்வை மறுபடி குறைவது, நிழல் திரும்ப வருவது ஆகியவை உடனே ஓட வேண்டிய அடையாளங்கள். மற்றபடி பொறுமை வேண்டும். மேக்குலா விலகியிருந்தவர்களுக்குப் பார்வை மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். பழைய கூர்மை முழுதாக வராமலும் போகலாம். பட்டை தைத்தால் மைனஸ் பவர் கூடும். விட்ரெக்டமிக்குப் பின் நடுவயதைத் தாண்டியவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வருவது சகஜம். புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாமல், பவர் நிலைத்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு வாங்குங்கள்.

மறு கண்ணையும் அதே நாளில் மருந்து விட்டுப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் விலகல் வந்தவருக்கு மற்றதிலும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அங்கே சத்தமில்லாமல் ஒரு கிழிசல் இருந்தால் விலகும் முன்பே லேசரால் அடைத்துவிட முடியும்.